பதினொருவர் மட்டுமா தோற்றனர்?

கத்தார் நாட்டில் 2024 ஜனவரியில் நடைபெற்ற ஆசியக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் இந்திய அணி மூன்று ஆட்டங்கள் ஆடிற்று. மூன்றிலும் தோற்றது. ஆறு கோல்களை வாங்கிற்று. ஒரு கோல்கூடப் போடவில்லை. கலந்துகொண்ட அணிகள் 24. அவற்றுள் கோலும் இல்லை, புள்ளியும் இல்லை என்று வெறுங்கையோடு திரும்பிய அணி ஒன்றே ஒன்றுதான். அது நம்முடைய அணி.

நடந்து முடிந்த கதையை இப்போது எதற்குக் கிளற வேண்டும் என்று தோழர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. கத்தாரில் பட்ட அடியிலிருந்து பாடம் படித்தார்களா என்று பார்த்தால், அடுத்த ஆசியக் கோப்பைக்கு, 2027-ல் சவூதி அரேபியாவில் என்று குறிக்கப்பட்ட போட்டிக்கு, நம் அணி தகுதியே பெறவில்லை. தகுதி ஆட்டங்கள் 2025-ல் நடந்தன. வங்கதேசத்தோடு ஷில்லாங்கில் 0-0, ஹாங்காங்கிடம் 0-1, சிங்கப்பூரோடு அவர்கள் மண்ணில் 1-1, கோவாவில் 1-2, நவம்பர் 18 அன்று டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1. கத்தாரில் வீட்டுக்குள் போய் அடிபட்டோம். அடுத்த முறை வாசற்படியிலேயே நிறுத்தப்பட்டோம். ஆகவே திரும்பிப் பார்க்கத்தான் வேண்டும்.

டீக்கடைத் தீர்ப்புகள் மூன்று

முதல் ஆட்டம் ஜனவரி 13 மாலை. போகிக்கு முதல் நாள். பெங்களூரிலும் சென்னையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேலை பார்க்கும் நம் கீழ்பென்னாத்தூர் வட்டாரத்துப் பிள்ளைகள் பொங்கலுக்கு ஊர் வந்து சேர்ந்த நேரம். டீக்கடை பெஞ்சில் ஒரு கைபேசியைச் சுற்றி ஐந்தாறு பேர் குனிந்து நின்று ஆட்டம் பார்த்ததை நாம் கண்டோம். ஆஸ்திரேலியாவிடம் 0-2. காணும் பொங்கலுக்கு மறுநாள் உஸ்பெகிஸ்தானிடம் 0-3. 23-ந் தேதி சிரியாவிடம் 0-1. கூட்டம் ஆட்டத்துக்கு ஆட்டம் குறைந்தது. ஆனால் தீர்ப்புகள் பெருகின. கூட்டிக் கழித்தால் அவை மூன்று.

"பசங்களுக்கு ரோஷம் இல்லே" என்பது ஒன்று. "கோச்சை மாத்தினா சரியாயிடும்" என்பது இரண்டு. "நம்ம உடம்புக்கு இந்த ஆட்டம் ஒத்து வராது" என்பது மூன்று.

இம்மூன்றும் டீக்கடையில் பிறந்தவை அல்ல. பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் பெரிய மனிதர்கள் பேசிய பேச்சுத்தான் அங்கே எதிரொலித்தது. ஆகவே ஒவ்வொன்றையும் எடுத்து வைத்துப் பார்ப்போம்.

ரோஷம் இல்லையா?

ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் பாதி முழுவதும் நம் பிள்ளைகள் கோல் விழாமல் காத்தார்கள். 50-ஆவது நிமிடம் வரை கணக்கு 0-0. சிரியாவுக்கு எதிராக 76-ஆவது நிமிடம் வரை 0-0. ரோஷமில்லாதவன் இப்படி மூச்சைப் பிடித்து நிற்க மாட்டான். நிற்கத் தெரிந்தது, கோல் போடத்தான் முடியவில்லை. அது மனத்தின் குறையா, பயிற்சியின் குறையா?

போட்டிக்கு முன் அணி ஒன்றுசேர்ந்து பயில்வதற்குக் கிடைத்தது ஏறத்தாழ இரண்டே வாரம். டிசம்பர் இறுதி வரை அவர்கள் தனியார் லீக் ஆட்டங்களில் இருந்தார்கள். லீக்கை ஒரு மாதம் முன்னதாக நிறுத்தினால் விளம்பர வருமானம் போய்விடும். நாட்டின் அணி காத்திருக்கலாம், வருமானம் காத்திருக்கலாமா? இந்த நியாயத்துக்குப் பலியானவனைப் பார்த்து ரோஷமில்லை என்பது, ஓய்வில்லாமல் இரண்டு ஷிப்டு வேலை வாங்கிவிட்டுத் தொழிலாளியைச் சோம்பேறி என்பதற்குச் சமம்.

கோச்சை மாற்றினார்களே!

மாற்றத்தான் செய்தார்கள். 2024 மார்ச்சில் குவாஹாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2 என்று தோற்று, ஜூனில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலிருந்தும் வெளியேறிய பின், குரோஷியாக்காரர் இகோர் ஸ்டிமாச் நீக்கப்பட்டார். ஸ்பெயின்காரர் மனோலோ மார்க்கெஸ் வந்தார், ஓராண்டில் போனார். 2025 ஆகஸ்டில் காலித் ஜமீல் வந்தார். மூன்று பேர் மாறியும் முடிவு மாறவில்லை. களத்து மேட்டில் நெல் இல்லாதபோது மரக்காலை மாற்றி என்ன பயன்?

உடம்பு ஒத்து வராதா?

மூன்றாவது தீர்ப்புத்தான் மிக ஆபத்தானது. பிறப்பிலேயே தாழ்ந்தவன் என்று ஒருவனை நம்ப வைத்துவிட்டால், பிறகு அவன் உரிமை கேட்கமாட்டான். இந்த நாட்டில் சாதியின் பெயரால் அதைத்தானே செய்தார்கள்? அதே பேச்சை விளையாட்டிலும் விடுவதா?

1962 செப்டம்பர் 4-ஐ நினைவுபடுத்துகிறோம். இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டின் கால்பந்து இறுதி ஆட்டம். இந்தியாவும் தென்கொரியாவும் மோதின. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் அனுமதி மறுக்கப்பட்டதை இந்தியப் பிரதிநிதி ஒருவர் கண்டித்ததால் அந்நாட்டு மக்கள் நம்மீது கொதித்திருந்தனர். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கூடிய அரங்கம் முழுவதும் நமக்கு எதிர்க்கூச்சல். தொடக்க ஆட்டத்தில் இதே கொரியாவிடம் 0-2 என்று தோற்றிருந்த அணி, தாய்லாந்தை 4-1 என்றும், ஜப்பானை 2-0 என்றும், தென் வியட்நாமை 3-2 என்றும் வென்று இறுதிக்கு வந்திருந்தது. அன்று பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் சிங் ஒரு கோல், 2-1. தங்கப் பதக்கம் நமக்கு! தாய்லாந்து ஆட்டத்தில் அடிபட்டுத் தலையில் தையல் போட்டிருந்த தற்காப்பு ஆட்டக்காரர் ஜர்னைல் சிங்கை, முன்வரிசைக்கு அனுப்பிக் கோல் போட வைத்தார் பயிற்சியாளர் ரஹீம். அந்த ரஹீம் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு ஜூனில் மறைந்தார்.

அதற்கு முன் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 4-2 என்று வீழ்த்தி நான்காம் இடம் பெற்றோம். 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம். இவ்வளவும் செய்தது இதே உடம்புதான். இன்றைக்கு இருப்பதைவிட அரைவயிறு உண்ட உடம்பு!

அவர்கள் யார்?

இங்கேதான் தோழர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. அந்த வெற்றியைத் தேடித் தந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

பி.கே. பானர்ஜி கிழக்கு ரயில்வே ஊழியர். கல்கத்தாவின் பெரிய கிளப்புகளை எல்லாம் பின்தள்ளி, 1958-ல் அந்த ரயில்வே அணி கல்கத்தா லீக்கை வென்றது. கோல் காத்த பீட்டர் தங்கராஜ் ராணுவத்தில் வளர்ந்தவர். அவரை உருவாக்கிய மெட்ராஸ் ரெஜிமென்ட் நிலையத்து அணி, நம் நீலகிரி வெலிங்டனில் இருந்து புறப்பட்டு, 1955-லும் 1958-லும் டுராண்டு கோப்பையைக் கொண்டுவந்தது. துளசிதாஸ் பலராம் செகந்தராபாத் பக்கத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, ஏழ்மையில் வளர்ந்தவர். ஜர்னைல் சிங் பிரிவினையின்போது லயால்பூர்ப் பகுதியிலிருந்து இந்தப் பக்கம் வந்தவர். ரஹீமோ பள்ளி ஆசிரியராக இருந்து, ஹைதராபாத் போலீஸ் அணியை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பை வெல்ல வைத்தவர்.

ரயில்வே, ராணுவம், போலீஸ், பள்ளிக்கூடம். அந்த அணியின் அடித்தளம் இதுதான். ஆடத் தெரிந்த ஏழைப் பிள்ளைக்கு ஒரு வேலை இருந்தது. மாதம் பிறந்தால் சம்பளம் இருந்தது. கால் ஒடிந்தாலும் சோறு உண்டு என்ற உறுதி இருந்தது. அந்த உறுதியின்மேல் நின்றுதான் அவன் பந்தை உதைத்தான்.

அந்தக் காலம் குறையில்லாத காலம் என்று நாம் சொல்ல வரவில்லை. சிறுவயதிலேயே பிள்ளைகளைத் தேர்ந்து பயிற்றும் ஏற்பாடு அன்றும் இல்லை. மற்ற நாடுகள் அதைச் செய்யத் தொடங்கியதும் நாம் பின்தங்கினோம். 1970 பாங்காக்கில் பெற்ற வெண்கலம்தான் ஆசிய விளையாட்டின் ஆண்கள் கால்பந்தில் நம் கடைசிப் பதக்கம். ஆனால் குறையுள்ள வீட்டைச் செப்பனிடுவதற்குப் பதிலாக, வீட்டையே குத்தகைக்கு விட்டார்களே, அதைத்தான் கேட்கிறோம்.

குத்தகைக் கணக்கு

2010-ல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம், ஐ.எம்.ஜி.–ரிலையன்ஸ் நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய். ஆண்டுக்கு 47 கோடிக்கும் குறைவு. இதற்கு ஈடாக இந்தியக் கால்பந்தின் வணிக உரிமைகள் அந்த நிறுவனத்தின் கைக்குப் போயின. 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் பிறந்தது. வெளிச்சம் வந்தது, விளம்பரம் வந்தது, நடிகர்களும் கிரிக்கெட் வீரர்களும் கிளப்புகளின் பங்காளிகளாக வந்தார்கள். புல்தரை நன்றாயிற்று, வீரர்களில் ஒரு பகுதியினருக்குச் சம்பளம் உயர்ந்தது என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை.

ஆனால் வேரில் என்ன நடந்தது? முதல் ஆண்டில் களத்தில் நிற்கும் பதினொருவரில் ஆறு பேர் வரை வெளிநாட்டவராக இருக்கலாம் என்று விதி. பிறகு ஐந்து ஆயிற்று. 2021-ல் நான்கு ஆயிற்று. கோல் போடும் இடத்துக்குப் பெரும்பாலும் வெளிநாட்டவரையே வாங்கினார்கள். சொந்த நாட்டுப் பிள்ளை கோல் போடப் பழகும் இடமே அடைபட்டது. விளைவு? கத்தாரில் கோல் போட நாம் நம்பியிருந்தவர் சுனில் சேத்ரி. அவருக்கு அப்போது வயது 39. அவர் பெருமைக்குரியவர், அவரைக் குறை சொல்ல யாருக்கும் தகுதியில்லை. ஆனால் அந்த இடத்துக்கு அடுத்த ஆள் எங்கே? உஸ்பெகிஸ்தான் நாலாவது நிமிடத்தில் நம்மீது கோல் போட்டதே, போட்ட அப்போஸ்பெக் ஃபைசுல்லாயேவுக்கு வயது 20. முந்திய ஆண்டு 20 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பையை வென்ற அணியிலிருந்து வந்தவர் அவர். 39-க்கும் 20-க்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் நம் தோல்வியின் உண்மையான கணக்கு.

குத்தகை முடிய வந்ததும் என்ன ஆயிற்று? 2025 ஜூலையில், புதிய ஒப்பந்தம் உறுதியாகவில்லை என்று லீக்கை நிறுத்தி வைத்தார்கள். சில கிளப்புகள் வீரர்களின் சம்பளத்தையே நிறுத்தின. சம்மேளனம் டெண்டர் விட்டபோது ஏலம் கேட்க ஒருவரும் வரவில்லை. பதினைந்தாண்டு காலம் லாபம் தேடியவர்கள், லாபம் மெலிந்ததும் கடையைச் சாத்திவிட்டு நின்றார்கள். ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை செய்யும் நம் தோழர்களுக்கு இது புதுக்கதையா? காண்ட்ராக்ட் முடிந்தால் கேட்டுக்கு வெளியே என்பதுதானே நமக்கும் சட்டம்?

சம்மேளனமோ அரசியல்வாதிகளின் மடமாக இருந்து வருகிறது. பிரபுல் படேல் 2009 முதல் தலைவர்; பதவிக்காலம் முடிந்தும் தேர்தல் நடக்கவில்லை; 2022-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு நிர்வாகக் குழுவை அமர்த்தியது; அந்த ஆகஸ்டில் உலகக் கால்பந்து அமைப்பு இந்தியாவையே சில நாட்கள் விலக்கி வைத்தது. பின்னர் நடந்த தேர்தலில் பாரதீய ஜனதாவைச் சேர்ந்தவரும் முன்னாள் கோல்காப்பாளருமான கல்யாண் சௌபேக்கு 33 வாக்கு. நாட்டின் அணிக்குத் தலைமை தாங்கிய பைச்சுங் பூட்டியாவுக்கு ஒரே ஒரு வாக்கு!

மற்றவர்களைப் பாருங்கள்

இல்லாமையைக் காரணம் காட்டவும் நமக்கு வழியில்லை. உஸ்பெகிஸ்தானின் மக்கள்தொகை தமிழ்நாட்டில் ஏறத்தாழப் பாதிதான். பிள்ளைகளைச் சிறுவயதிலிருந்து பயிற்றினார்கள். 2025 ஜூனில் முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். ஒரு கோடிப் பேர் மட்டுமே கொண்ட ஏழை நாடு தஜிகிஸ்தான், கத்தாரில் முதன்முறையாக ஆசியக் கோப்பை ஆடி, கால் இறுதி வரை போயிற்று. நம்மை வென்ற சிரியா, உள்நாட்டுப் போரால் சொந்த மண்ணில் பல ஆண்டுகள் ஆட்டம் நடத்த முடியாத நாடு.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பாலஸ்தீனம். காசாவில் குண்டுகள் விழுந்து பிள்ளைகள் மாண்டுகொண்டிருந்த நாட்களில் அவர்கள் கத்தாரில் ஆடினார்கள். நாம் சிரியாவிடம் தோற்ற அதே ஜனவரி 23 அன்று, ஹாங்காங்கை 3-0 என்று வென்று, ஆசியக் கோப்பையில் தங்கள் முதல் வெற்றியைப் பெற்று, அடுத்த சுற்றுக்குப் போனார்கள். நாடு என்று ஒப்புக்கொள்ளவே பலர் மறுக்கும் மக்கள், தாங்கள் ஒரு நாடு என்று உலகுக்குக் காட்டினார்கள். நமக்கு நாடு இருக்கிறது, பணம் இருக்கிறது, 140 கோடி மக்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த 140 கோடியில் எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு பந்தும், அதை உதைக்க ஒரு தரையும் இருக்கின்றன?

நம் வீட்டுப் பெண்கள்

விளம்பரமும் வெளிச்சமும் மிகக் குறைவாகப் பெற்றவர்கள் பெண்கள். அவர்களோ 2025 ஜூலை 5 அன்று தாய்லாந்தை அதன் மண்ணில் 2-1 என்று வென்று, 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். ஆண்கள் தவறவிட்டதை அதே ஆண்டில் பெண்கள் பெற்றார்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசியப் பட்டம் வென்றது. அந்த அணியின் இந்துமதி கதிரேசன் நம் பக்கத்துக் கடலூர்க்காரர். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். கவனியுங்கள்: இங்கேயும் பின்னால் நிற்பது ஓர் அரசு வேலைதான்.

பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையும், தென்னக ரயில்வேயும், தேசிய லீக்கில் ஆடிய இந்தியன் வங்கியும் சென்னையில் அணிகள் வைத்து எத்தனையோ ஏழை வீட்டுப் பிள்ளைகளை வாழவைத்தன. பொதுத்துறையில் ஆள் எடுப்பது குறையக் குறைய அந்த வாசலும் ஒடுங்கிற்று. பொதுத்துறையை விற்பது விதைநெல்லைக் குத்தித் தின்பது என்று நாம் சொல்லும்போது, வேலைவாய்ப்பை மட்டும் சொல்லவில்லை. கால்பந்தும் அந்த விதைநெல்லில் அடக்கம்.

நாம் என்ன செய்தோம்?

பிறரைக் குற்றம் சொல்லிவிட்டு நாம் நழுவிவிடக் கூடாது. நம் கொடியின் கீழ் இளைஞர்கள் ஆண்டுதோறும் போட்டி நடத்துகிறார்கள். தலைவர் பிறந்தநாள் வருகிறது, பேனர் கட்டுகிறோம், ஒரு நாள் ஆட்டம், மாலையில் கோப்பை, போட்டோ. மறுநாள் பந்து எங்கே, பிள்ளைகள் எங்கே? பேனருக்குச் செலவான பணத்தில் ஆண்டு முழுவதற்கும் பந்து வாங்கியிருக்கலாம். இதைச் சொல்வது சில தோழர்களுக்குக் கசக்கும். கசக்கட்டும். முந்தைய தலைமுறை ஊருக்கு ஊர் படிப்பகம் திறந்தது. வாசித்தவன் கேள்வி கேட்டான். கேள்வி கேட்டவன் கட்சியைக் கட்டினான். படிப்பகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆடுகளம் இருந்தால், சாயங்காலம் நம் பிள்ளை டாஸ்மாக் கடைப்பக்கம் போவதற்கு முன் பந்தின் பக்கம் வருவானே!

கீழ்பென்னாத்தூர் ஒன்றியத்தில் எத்தனை ஊர்களில் பிள்ளைகள் அறுவடை முடிந்த கழனியிலும், வற்றிய ஏரிக்குள்ளும் ஆடுகிறார்கள்! மழை வந்தால் ஏரி நிறைகிறது, ஆடுகளம் போய்விடுகிறது. ஏரி நிறைய வேண்டும், அது நம் சோறு. ஆனால் ஆடுவதற்கு வேறு இடம் வேண்டும் என்று கேட்டோமா?

இனிக் கேட்போம். ஒவ்வொரு ஊராட்சியிலும் விளையாட்டுக்கென்று கணக்கில் பதிவான நிலம் எவ்வளவு, அது யார் கையில் இருக்கிறது என்று தோழர்கள் விசாரித்து எழுதி வையுங்கள். நிலம் இல்லாத ஊரில் ஆடுகளம் வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். பேரூராட்சியில் மன்ற உறுப்பினர்களிடம் மனு கொடுங்கள். அரசுப் பள்ளிகளில் காலியாகக் கிடக்கும் உடற்கல்வி ஆசிரியர் பணியிடங்களை நிரப்பச் சொல்லுங்கள். கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்ளும் பீரியடாக விளையாட்டு இருக்கக் கூடாது. பொதுத்துறையிலும் அரசுப் பணியிலும் விளையாட்டு வீரர்களுக்கு நிரந்தர வேலை வேண்டும் என்பதைத் தொழிற்சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஒப்பந்த வேலையல்ல, நிரந்தர வேலை.

இன்றைக்கு ஆடுகளம் கேட்டால் நாளைக்கே கோப்பை வந்துவிடாது. பத்து வயதுப் பிள்ளை இருபது வயதாகப் பத்தாண்டு ஆகும். உஸ்பெகிஸ்தான் காத்திருந்தது, ஆகவே வென்றது. நாமும் காத்திருக்கத் தயார். ஆனால் விதைத்துவிட்டுக் காத்திருப்பது வேறு, விதைக்காமலே காத்திருப்பது வேறு.

கத்தாரில் தோற்றது பதினொருவர் மட்டுமல்ல. அவர்களை இரண்டு வாரப் பயிற்சியோடு அனுப்பி வைத்த ஏற்பாடு தோற்றது. அந்த ஏற்பாட்டைக் கேள்வி கேட்காமல் இருந்த நாமும் தோற்றோம். வீரர்களை ஏசுவதை விட்டுவிட்டு, அடுத்த மே நாளன்று கிராம சபை கூடும்போது, கையில் அந்த நிலக் கணக்கோடு தோழர்கள் எழுந்து நிற்க வேண்டும். நம் வேலை அங்கே தொடங்குகிறது.